மேப்பில் கை வைப்பதற்கு முன்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபின் நம் சாலையில் புதிதாக இறங்கிய இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஜெட் மாற்றி, ஊசியை ஏற்றி இறக்கிப் பழகிய தலைமுறை ஓய்கிறது. லேப்டாப்போடு பட்டறைக்குள் வரும் தம்பி தங்கைகள்தாம் இனி இந்தத் தொழிலை நடத்துவார்கள். ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் போன்ற, எஞ்சினை இயக்கும் ஈசியூக்களும், அவற்றோடு பேசும் ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளும் இன்று யாருக்கும் கிடைக்கின்றன. உங்கள் ஆர்வத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் திரையைத் திறந்ததும் எல்லாரும் நேரே போய் நிற்பது ஃப்யூயல் டேபிளில், அதாவது எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாக எழுதிய மேப்பில். அங்கே கடைசியில்தான் போக வேண்டும். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். பேச்சுக்கு ஒரு 350 சிசி, ஒற்றைச் சிலிண்டர், ஏர்கூல்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். ட்ராக்கில் ஓட்டுவதற்காக ஈசியூ மாற்றிய வண்டி.

1. முதலில் வண்டியின் உடம்பைப் பார். டேப்பட் கிளியரன்ஸ், கம்ப்ரஷன், ஏர் ஃபில்டர், ப்ளக், பேட்டரி சார்ஜிங் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் லேப்டாப்பை எடுக்க வேண்டும். குறிப்பாக த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைப் பார். எஞ்சின் சூட்டில் அது வெடித்துக் காற்று உள்ளே கசியும். ஐட்லிங்கில் த்ராட்டில் மூடியிருப்பதால் அந்தச் சின்னக் கசிவுகூட எஞ்சின் இழுக்கும் காற்றில் பெரிய பங்காகிவிடும். முழுத் த்ராட்டிலில் அது கணக்கிலேயே வராது.

த்ராட்டில் திறப்பை வைத்துப் பெட்ரோல் கணக்குப் போடும் வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. ஐட்லிங் கட்டங்களில் மட்டும் பெட்ரோலை எக்கச்சக்கமாக ஏற்றியிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் சுத்தம். வெடித்த ரப்பரை மாற்றியதும் வண்டி கறுப்புப் புகை விட்டு நின்றுபோனது. முன்பு கை வைத்தவர் கசிவை அடைக்காமல் மேப்பால் மூடியிருந்தார். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான், தம்பி: எஞ்சினிலோ சென்சாரிலோ இருக்கும் குறையை மேப்புக்குள் ஒளித்து வைக்காதே. இன்றைக்கு ஓடும். மலை ஏறும் அன்றோ, பேட்டரி இறங்கிய அன்றோ, குளிர்ந்த காலையிலோ அந்தக் குறை வேறு உருவில் வெளியே வரும். அப்போது எங்கே தேடுவதென்று உனக்கே தெரியாது.

2. ஃப்யூயல் பிரஷரை அளந்து பார். பெரும்பாலான பைக்குகளில் அது 3 பார் அளவில் இருக்கும். கேஜைப் பொருத்தி, வண்டி நிற்கும்போதும் முழுத் த்ராட்டிலில் இழுக்கும்போதும் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏறப் பிரஷர் சரிந்தால் பம்ப் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பைப்பைக் கழற்றுவதற்கு முன் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு. 3 பார் பெட்ரோல் சூடான ஹெட் மேல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

3. இன்ஜெக்டரின் அளவைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள். இந்தக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டவனுக்கு மேப்பின் ஒவ்வொரு எண்ணும் புரியும். 350 சிசி என்றால் 0.35 லிட்டர். லிட்டருக்கு 1.2 கிராம் என்று வைத்தால், சிலிண்டர் முழுக்க நிறையும்போது 0.42 கிராம் காற்று. கலப்பில்லாத பெட்ரோலில் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக ஒரு தடவைக்குத் தேவைப்படும் பெட்ரோல் 0.029 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறத்தாழ 0.039 சிசி. நிமிடத்துக்கு 200 சிசி விடும் இன்ஜெக்டர் அதைக் கொடுக்க சுமார் 11.6 மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும். மென்பொருள் கேட்கும் ‘ரிக்வயர்டு ஃப்யூயல்’ இதுதான்.

இனி 6,000 ஆர்பிஎம்மில் பார். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்று முடிய இரண்டு சுழற்சி, அதற்கு இருப்பது 20 மில்லி செகண்ட். சிலிண்டர் 90 சதவீதம் நிறைகிறது, கலவையைச் சக்திக்காகக் கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வைக்கிறாய், இன்ஜெக்டர் திறக்கும் தாமதத்துக்கு 1 மில்லி செகண்ட் சேர்க்கிறாய் என்றால் மொத்தம் 13-க்குப் பக்கத்தில் வரும். அது 20-ல் 65 சதவீதம், இதைத்தான் ட்யூட்டி என்பார்கள். 85-ஐத் தாண்டாதவரை நிம்மதி. அதே வண்டியில் 120 சிசி இன்ஜெக்டர் இருந்தால் 20 மில்லி செகண்டும் போதாது. இன்ஜெக்டர் மூடாமலே திறந்திருக்கும், மேல் ஆர்பிஎம்மில் எஞ்சின் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடும், டேபிளில் எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் நடக்காது. அதற்குப் பயந்து ஒரேயடியாக 500 சிசி போட்டால் ஐட்லிங்கில் திறக்கும் நேரம் மிகவும் சுருங்கி, ஒவ்வொரு தடவையும் விழும் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

4. டெட் டைமை ஊகித்துப் போடாதே. புதியவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

ஈசியூ கரண்ட் கொடுத்த நொடியே இன்ஜெக்டர் திறப்பதில்லை. உள்ளே சுருள் காந்தமாகி ஊசியைத் தூக்க நேரம் பிடிக்கிறது. அதுதான் டெட் டைம். 14 வோல்ட்டில் அந்தத் தாமதம் ஒரு மில்லி செகண்ட் அளவில் இருக்கும். வோல்ட்டேஜ் இறங்க இறங்கக் கூடும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு விழுந்தால் ஒன்றரைக்கும் போகலாம். ஐட்லிங்கில் மொத்தத் திறப்பே மூன்றரை மில்லி செகண்ட் என்று வை. அதில் ஒன்று டெட் டைமாகப் போக, பெட்ரோல் விழுவது இரண்டரைதான். டெட் டைமை அரை மில்லி செகண்ட் தப்பாகக் கொடுத்தால் அங்கே 20 சதவீதப் பிழை. முழுத் த்ராட்டிலில் 13 மில்லி செகண்ட் திறப்பில் அதே அரை வெறும் 4 சதவீதம். ஐட்லிங் கட்டங்கள் ஒரு கதை சொல்லும், மேல் கட்டங்கள் இன்னொரு கதை சொல்லும். நீ டேபிளை வளைத்து வளைத்து இரண்டையும் ஒத்துப்போக வைப்பாய். பிறகு ஹெட்லைட் போட்டதும் ஐட்லிங் தடுமாறும்.

அளப்பது கடினமில்லை. இன்ஜெக்டரை வண்டியிலிருந்து கழற்றி, ஓடும்போது இருக்கும் அதே பிரஷரில், இன்ஜெக்டர் சோதனைத் திரவத்தைக் கொண்டு 1,000 தடவை 3 மில்லி செகண்ட் திறக்கச் செய். அளவுக் குழாயில் விழுந்ததைக் குறித்துக்கொள். பிறகு 1,000 தடவை 6 மில்லி செகண்ட். முதலில் 6.7 சிசி, அடுத்து 16.7 சிசி வந்ததாக வை. கூடுதல் 3 மில்லி செகண்டுக்கு 10 சிசி என்றால் ஒரு மில்லி செகண்டுக்கு 3.33. அப்படியானால் முதல் 6.7 சிசி விழ 2 மில்லி செகண்ட்தான் ஆகியிருக்கும். 3-ல் 2 போக மீதி 1 மில்லி செகண்ட் டெட் டைம். இதையே 14, 12, 10 வோல்ட்டுகளில் செய்தால் வளைகோடு கிடைத்துவிடும். பெட்ரோலைத் திறந்த பாத்திரத்தில் பீய்ச்சி இதைச் செய்யவே கூடாது.

சைலன்சர் குட்டையாக இல்லாவிட்டால், வண்டியில் பொருத்தியபின் சரிபார்க்க ஒரு வழி உண்டு (ஏன் என்று 8-ல் சொல்கிறேன்). எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் விட்டு, ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரையும் போடு. வோல்ட்டேஜ் இறங்கும். ஆர்பிஎம் மாறாமல் லாம்ப்டா (கலவையைக் காட்டும் எண், 7-ல் வரும்) மட்டும் நகர்ந்தால் உன் வளைகோடு தப்பு.

5. சென்சார்கள் உண்மை சொல்கின்றனவா என்று சோதி. இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியின் சாவியைக் காலையில் திருப்பு. எஞ்சின் டெம்பரேச்சரும் உள்ளே வரும் காற்றின் டெம்பரேச்சரும் அன்றைய வெப்பநிலையையே காட்ட வேண்டும். ஒன்று 28, இன்னொன்று 41 என்றால் அங்கேயே நில். த்ராட்டில் சென்சார் மூடியபோது அரை வோல்ட்டுக்கும் முழுக்கத் திறந்தபோது நாலரை வோல்ட்டுக்கும் பக்கத்தில் காட்டும். எஞ்சினை ஓடவிடாமல், சாவியை மட்டும் போட்டு இரு முனையையும் பதிவு செய். மெதுவாக முறுக்கும்போது நடுவில் எண் குதித்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது.

6. காற்றை எதை வைத்துக் கணக்கிடுகிறாய் என்று தெளிவாக முடிவு செய். இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை எம்ஏபி (MAP) சென்சாரால் அளப்பது ஒரு வழி. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் ஆர்பிஎம்மையும் மட்டும் பார்ப்பது இன்னொரு வழி, ஆல்ஃபா-என் என்பார்கள். ஒற்றைச் சிலிண்டரில் இரண்டு சுழற்சிக்கு ஒரு தடவைதான் எஞ்சின் காற்றை இழுக்கும். அதனால் அழுத்தம் அலையாக ஏறி இறங்கும். ஏதோ ஒரு கணத்து எண்ணை எடுத்தால் குழப்பம்தான். ஸ்பீடுயினோவில் ஒரு சுற்றின் சராசரியை எடுக்கவும், மிகக் குறைந்த அளவை எடுக்கவும் தனித்தனித் தேர்வுகள் உண்டு. இரண்டையும் போட்டு, ஐட்லிங்கில் எது அசையாமல் நிற்கிறதோ அதை வைத்துக்கொள்.

ஆல்ஃபா-என் எளிது, த்ராட்டிலுக்குச் சட்டென்று பதில் சொல்லும். ஆனால் அதற்கு மலை தெரியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் அங்கே 77-க்கு வந்துவிடும். சென்னையில் லாம்ப்டா 1 என்று அழகாக மேப் போட்ட வண்டி, அழுத்தத் திருத்தம் இல்லாமல் ஊட்டி ஏறினால் லாம்ப்டா 0.8-க்கும் கீழே போகும். அங்குள்ள குளிர் காற்றை அடர்த்தியாக்கிக் கொஞ்சம் ஈடுகட்டும், போதாது. ப்ளக் கறுத்து, குன்னூருக்கு மேலே வண்டி இழுக்காமல் திணறும். ஆகவே ஆல்ஃபா-என் வைத்தால் தனியாக ஒரு வெளிக்காற்று அழுத்த சென்சாரைக் கட்டாயம் இணை. சாலையில் ஓட அனுமதி உள்ள வண்டியானால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஒருவரை நிதானமாக ஓட்டச் சொல்லி லாக் (பதிவு) எடுத்தால், உன் திருத்தம் சரியா என்று ஒரே பயணத்தில் தெரிந்துவிடும்.

7. லாம்ப்டாவில் யோசி. காற்று–பெட்ரோல் விகிதம் 14.7 என்று மனப்பாடம் செய்தவர்கள் பலர். அந்த எண் கலப்பில்லாத பெட்ரோலுக்கு. பத்து சதவீத எத்தனால் கலந்த இ10-க்கு அது 14.1, இ20-க்கு 13.5-க்குப் பக்கம். இன்று நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20. கலப்பில்லாத பெட்ரோலில் போட்ட மேப்பில் இ20 ஊற்றினால் ஏறக்குறைய 8 சதவீதம் லீனாக ஓடும். லாம்ப்டாவோ எந்தப் பெட்ரோலுக்கும் ஒன்றே: 1 என்றால் சரிசமம், கீழே ரிச், மேலே லீன். நிதானமாக ஓடும் கட்டங்களுக்கு 1, முழுத் த்ராட்டிலுக்கு 0.86-லிருந்து 0.88 என்று தொடங்கு. ஏர்கூல்டு எஞ்சினுக்கு அந்தக் கூடுதல் பெட்ரோல் குளிர்ச்சியும் தரும். எண்களைப் பார்த்துக் கஞ்சத்தனம் பண்ணாதே.

8. வைட்பேண்ட் சென்சாரைக் கண்மூடி நம்பாதே. கம்பெனி வண்டியில் வரும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் லாம்ப்டா 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் தெளிவாகச் சொல்லும். மேப் போட வைட்பேண்ட்தான் வேண்டும். ஆனால் அதுவும் ஏமாறும். சென்சார் அளப்பது புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை. எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் எரியாத காற்று அப்படியே வெளியே வரும். கலவை ரிச்சாக இருந்து மிஸ் ஆனாலும் திரையில் லீன் என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோல் ஏற்றினால் மிஸ்ஸிங் இன்னும் கூடும், திரை இன்னும் லீன் என்னும். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும் இதே கதை.

ஒற்றைச் சிலிண்டரில் இன்னொரு தொல்லை. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பைப்பில் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று பின்னோக்கி உள்ளே வரும். சைலன்சர் குட்டையாக இருந்தால் ஐட்லிங்கில் அந்தக் காற்று சென்சார் வரைக்கும் எட்டிவிடும். ட்ராக் வண்டிகளில் இது சாதாரணம். ஐட்லிங்கில் எண்ணை ஒதுக்கிவிட்டுக் காதையும் ஆர்பிஎம்மையும் நம்பு. பெட்ரோலை இரண்டிரண்டு சதவீதமாகக் குறைத்து, கூட்டிப் பார். ஆர்பிஎம் உயர்ந்து சீராக நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி ரிச் பக்கம் வைத்துவிடு. சென்சாரைப் படுக்கைவசத்திலிருந்து குறைந்தது பத்து டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்து, அப்போதுதான் ஈரம் உள்ளே தங்காது. கரண்ட் கொடுக்காமல் ஓடும் எஞ்சினில் அதை விட்டுவைத்தால் கரி படிந்து வீணாகும்.

9. இப்போது டேபிளுக்குப் போகலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்சிஜன் சென்சார் திருத்தத்தை அணை. முறுக்கும்போது சேரும் கூடுதல் பெட்ரோலையும், த்ராட்டிலை விடும்போது பெட்ரோல் நிற்பதையும் அணை. இவையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் நீ பார்ப்பது எந்த எண்ணின் விளைவு என்றே தெரியாது. ஐட்லிங்கில் ஆரம்பிக்காதே. 3,000 ஆர்பிஎம், கால்வாசித் த்ராட்டில் போன்ற அமைதியான இடத்தில் ஆரம்பித்து நாலாபக்கமும் பரவு. டைனோவில் ப்ரேக் பிடித்து ஆர்பிஎம்மை நிறுத்த முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

திருத்தும் கணக்கு எளிது: இப்போதைய எண்ணை அளந்த லாம்ப்டாவால் பெருக்கி, வேண்டிய லாம்ப்டாவால் வகு. டேபிளில் 70, அளந்தது 0.95, வேண்டியது 0.88 என்றால் புது எண் 75.6. பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார். கோலப்புள்ளி மாதிரி ஒன்றுக்கொன்று இசைந்து நிற்க வேண்டும். ஒரு கட்டம் மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அது சைலன்சர் நீளத்தால் வரும் உண்மையான மேடாகவும் இருக்கலாம், மிஸ்ஸிங்காகவும் இருக்கலாம். திரும்பப் போய் அளக்காமல் தேய்த்துச் சமன் செய்துவிடாதே. மென்பொருளே தானாகத் திருத்தும் வசதியைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் எஞ்சின் சூடான பிறகு, த்ராட்டில் நிலையாக இருக்கும்போது மட்டும் அது எண்ணை மாற்றும்படி வரம்பு போட்டு வை. நீ போக முடியாத மேல்மூலைக் கட்டங்களை ரிச் பக்கமாகவே நிரப்பு.

10. பெட்ரோல் மேப்பை முடிக்கும்வரை ஸ்பார்க் டைமிங்கைத் தொடாதே. பாதுகாப்பான, பின்தங்கிய டைமிங்கிலேயே மேப்பை முடி. லீனும் அட்வான்ஸும் சேர்ந்தால் நாக்கிங், அடுத்து பிஸ்டன் மேலே ஓட்டை. நாக்கிங் சத்தம் கேட்ட நொடியே த்ராட்டிலை விடு. இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று நினைக்காதே.

11. சட்டென்று முறுக்கும்போது வேண்டிய கூடுதல் பெட்ரோலை, நிலையான மேப் முடிந்தபின் போடு. த்ராட்டில் திறந்ததும் காற்று உடனே பாயும். பெட்ரோலில் ஒரு பங்கு இன்டேக் சுவரில் ஒட்டிக்கொண்டு தாமதமாக வரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இது. முறுக்கியதும் ஒரு வெட்டு விழுந்து பிறகு பிடித்தால் லீன். மொத்தமாக மந்தமாகி, கறுப்புப் புகை வந்தால் ரிச். லாக்கைப் பார்க்கும்போது வைட்பேண்ட் எண் கொஞ்சம் பின்தங்கி வரும் என்பதை மறக்காதே. குளிர் ஸ்டார்ட் எண்களுக்கு ஒரு நாளில் ஒரு வாய்ப்புதான். எஞ்சின் முழுக்க ஆறிய காலையில் செய், ஒரு தடவைக்கு ஒரே ஒரு எண்ணை மாற்று, மறுநாள் பார். அவசரப்பட்டால் ப்ளக்தான் நனையும்.

12. உன் உயிரும் ஓட்டுபவரின் உயிரும் மேப்பைவிடப் பெரிது. மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடாதே, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டைனோவில் ஏர்கூல்டு ஹெட்டுக்குப் பெரிய ஃபேன் வை, ஹெட் சூட்டுக்கு ஒரு வரம்பு எழுதிவைத்து, தொட்டதும் நிறுத்து. அந்த மலைப் பயணம் தவிர, மற்ற லாக் எடுக்க இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கோ செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயோ, பூட்டிய வேறு மைதானமோ இருக்கட்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. பதிவானதை, வண்டியை நிறுத்திய பின் பார்த்துக்கொள்ளலாம்.

13. சாலையில் ஓடும் வண்டியை ட்ராக் வண்டியாக நினைக்காதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல். கன்வெர்ட்டர் இருக்கும்போது ரிச்சாகவோ மிஸ்ஸிங்கோடோ ஓடவிட்டாலும் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். புகைப் பரிசோதனையில் நிற்பது உன் வாடிக்கையாளர். மூச்சு விடுவது தெருவில் எல்லாரும்.

14. கம்பெனி மேப்பைப் படித்துப் பத்திரப்படுத்தாமல் எதையும் எழுதாதே. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு புதுக் கோப்பாகச் சேமி. எந்தப் பங்க் பெட்ரோல், எந்த ஃபில்டர், எந்த சைலன்சர், அன்றைய வெயில் எவ்வளவு, ஃப்யூயல் பிரஷர் எவ்வளவு என்று பக்கத்தில் ஒரு நோட்டில் எழுது. வண்டியை ஒப்படைக்கும்போது பழைய மேப், புது மேப் இரண்டையும் பென்டிரைவில் போட்டு, அந்த நோட்டுப் பக்கத்தின் நகலோடு வண்டிக்காரர் கையில் கொடு. நாளைக்கு வேறு ஊரில் வேறு மெக்கானிக் அந்த ஹெட்டைத் திறந்தால், நீ என்ன செய்தாய் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.